இன்றைய நேரம் முடிந்தது

போனைக் கீழே வைக்க உதவி கேட்டவள் கிருஷாந்திதான். பிற்பாடு யார் கேட்டபோதும் அதை அவள் மறைத்ததில்லை.

பிள்ளை போன பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் அது. குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம்கூடத் தாங்காமல் போன பெண் பிள்ளை. பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அடக்கம் செய்யும் நாள் வந்துவிட்டது. வீடு திரும்பியவளுக்கு அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பெக்டரிக்கு மேலே ஆபீஸ்காரர்களுக்குக் கட்டிய குவாட்டர்ஸ் வரிசையின் கடைசி வீடு அவர்களுடையது. புருஷன் நிரஞ்சன் காலையிலேயே பெக்டரி ஆபீசுக்கு இறங்கிவிடுவான். அப்புறம் மிஷின் இரைச்சலும் பனியும் அவளும்தான். கையில் போன் இருந்தது. விரலால் தள்ளத் தள்ள ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

எந்த ஊரோ தெரியாத ஒருத்தி மீன் பொரிப்பாள். ஒருத்தன் கிணற்றில் குதிப்பான். இரண்டு பெண்கள் சண்டை பிடிப்பார்கள். அடுத்து ஒரு குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டுவார்கள். அவள் அந்தக் குழந்தையிடம் மட்டும் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டாள் போலிருக்கிறது. போன் அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் முதல் குழந்தைகளாகவே வந்தன. கொட்டாவி விடும் குழந்தை, பால் குடித்துவிட்டு விக்கும் குழந்தை, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கும் குழந்தை. அவள் தள்ளினாள், பார்த்தாள், தள்ளினாள். அடுப்பில் சோறு கருகியது. வாளி நிறைந்து, மலையூற்றிலிருந்து பீலி வழியே வரும் தண்ணீர் முற்றத்தில் ஓடியது. கழுத்து திரும்ப மறுத்தது, கட்டைவிரல் மரத்துப் போனது, கண் எந்நேரமும் மண் விழுந்தது போல் உறுத்தியது. ஒரு நாள் கேஸ் அடுப்பைத் திறந்து விட்டுப் பற்றவைக்க மறந்து, வாடை வந்த பிறகும் ஒரு வீடியோவை முடித்துவிட்டே எழுந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

நிரஞ்சன் வேலை விட்டு வந்ததும் போனை அவன் முன் வைத்தாள்.

"என்னால வைக்க முடியலங்க. நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறீங்க. எனக்கும் ஏதாவது செஞ்சி வுடுங்க."

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன்தான் அவன். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் பிறந்து, கம்பியூட்டர் படித்து, பெக்டரி ஆபீசில் உத்தியோகம் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாகப் போய் சனசமூக நிலையங்களில் வகுப்பு எடுப்பான். இணையத்தை எப்படிப் பாவிப்பது, எப்படிப் பாவிக்கக் கூடாது என்று. நன்றாகப் பேசுவான். படுக்கும் அறையில் போனுக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்பான். ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள், முக்கியமான படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தூரத்து மலையைப் பாருங்கள், மலைக்கா நமக்குப் பஞ்சம் என்பான். சனம் சிரிக்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள்கூட "நிரஞ்சன் சேரு சொன்னாங்க" என்று பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கி வைத்தார்கள். குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை, குரலைக்கூட உயர்த்துவதில்லை. இப்படி ஒருத்தன் கிடைத்ததற்குக் கிருஷாந்தி கொடுத்துவைத்தவள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அன்று அவன் போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு வெகுநேரம் வேலை பார்த்தான். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு ஒன்று திறந்தான். "போன்ல எடம் இல்ல. படத்தையெல்லாம் போன்லருந்து எடுத்துப் புதுக் கணக்குல ஏத்தி வச்சிட்டேன். பத்திரமா இருக்கும்" என்றான். வீடியோவும் படமும் பார்க்க நாளுக்குக் கொஞ்ச நேரம். அது முடிந்தால் திரை சாம்பலாகி, 'இன்றைய நேரம் முடிந்தது' என்று ஒரு வரி வரும்.

உண்மையைச் சொன்னால், அது வேலை செய்தது. முதல் இரண்டு மூன்று நாள் கை போனையே தேடியது, எரிச்சலில் அழுகை வந்தது. பிறகு தூக்கம் வந்தது. கழுத்து நோவு இறங்கியது. பின்பக்கத்து நிலத்தைக் கொத்தி லீக்ஸ் போட்டாள். ஒதுக்கிய நேரத்தில் அவள் பார்த்ததெல்லாம் தன் பிள்ளையின் படங்களைத்தான். சில படங்கள், ஒரு சின்ன வீடியோ. ஆஸ்பத்திரியில் ஒரு தாதி மிஸ்ஸி பாவம் பார்த்து எடுக்க விட்டது. பெட்டிக்குள் பிள்ளை ஒரு கையை மடக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருக்கும். வீடியோவில் அந்தக் கை ஒருமுறை விரிந்து மூடும். அவ்வளவுதான். பச்சைப் பிள்ளையைப் படம் எடுத்தால் ஆகாது என்று சொல்வார்கள் என்பதால் யாருக்கும் அவள் அனுப்பியதில்லை. நிரஞ்சன் படம் எடுக்கவில்லை. அவன் அந்த அறையின் வாசலோடு நின்றுவிட்டான்.

"சுகமா இருக்குங்க இப்ப" என்று அவள் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். சொன்னது சரிதானே என்பது போல ஒரு ஆட்டல்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது. ஒரு நாள் பாட்டுக் கேட்கும் செயலியைக் காணவில்லை. இன்னொரு நாள் நல்லதண்ணியில் இருக்கும் அண்ணியோடு பேச எடுத்தால், இந்த இலக்கத்துக்கு அனுமதி வேண்டும் என்றது போன். அனுமதி கேட்க ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கோரிக்கை நிரஞ்சனின் போனுக்குப் போகும்.

அவள் அடுக்களையில் நின்று அழுத்துவாள். முன்னறையில் அவன் போன் 'டிங்' என்று ஒலிப்பது இங்கே கேட்கும். இடையில் ஒரு பலகைச் சுவர்தான். அவன் செருமுவதும் கதிரை கிரீச்சிடுவதும் கேட்கும். பிறகு அவள் போனில் பதில் வரும். அனுமதி மறுக்கப்பட்டது.

முதல் தடவை அவள் முன்னறைக்குப் போய்க் கேட்டாள். "அண்ணிகிட்ட பேசத்தானேங்க கேட்டேன்."

"போன வாரம் எவ்வளவு நேரம் பேசுன தெரியுமா? நான் காட்டவா?"

"அவங்க மகனுக்குக் காய்ச்சல்னு பேசுனோம்."

"காய்ச்சலுக்கு அஞ்சி நிமிஷம் போதும்." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீதானே கேட்ட. நான் வலிய வந்து செய்யலியே."

அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். கேட்டது அவள்தான்.

சித்திரைப் புதுவருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தோட்டத்து மண்டபத்திலேயே வகுப்பு வைத்தார்கள். பெரிய கிளாக்கரின் மனைவி சண்முகவடிவு முன்வரிசையில் கிருஷாந்திக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். லயத்துப் பெண்கள் பின்னால் பாயில் இருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரில் படம் விட்டான் நிரஞ்சன்.

முதலில் ஒரு வரைபடம். சிவப்புக் கோடுகள் மலை மலையாக ஏறிக்கிடந்தன. "இது ஒரு வீட்டுப் பொம்பளை. நம்ம பக்கந்தான். பேரு சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் போன் பார்த்திருக்காங்க பாருங்க." மண்டபத்தில் நாக்கைச் சப்பும் சத்தம் எழுந்தது. அடுத்த படத்தில் சிவப்புக் கோடுகள் சின்னப் புற்றுகளாகத் தாழ்ந்திருந்தன. "இது நான் சொன்ன மாதிரி செஞ்ச பெறகு." கைதட்டினார்கள். கிருஷாந்தியும் தட்டினாள். முகம் சூடேறினாலும் தட்டினாள்.

"சும்மா இருக்கிற மனசு போன்ல என்னத்தையெல்லாம் தேடும்னு இப்ப காட்டுறேன்" என்றான் அவன்.

துணியில் வரிகள் விழுந்தன. அவள் தேடியவை. அவள் எழுதிய எழுத்துப் பிழைகளோடு.

கருகின சட்டிய எப்படி கழுவுறது. பின்வரிசையில் சிரித்தார்கள். முடி கொட்டுனா என்ன செய்றது. இன்னும் சிரித்தார்கள். புருசன் பேசாம இருந்தா என்ன செய்யணும். ஒருத்தி "அது எங்க வூட்டுலயுந்தான்" என்றாள், மண்டபமே சிரித்தது. நிரஞ்சனும் சிரித்தான். அடுத்த வரி வந்தது.

புள்ள எறந்தப்பறம் பால் வந்தா எப்படி நிப்பாட்டுறது.

சிரிப்பு நின்ற சத்தம் கேட்டது. அதற்குக் கீழே இன்னும் ஒன்று இருந்தது. கொறமாச புள்ள சாகுறதுக்கு அம்மா தண்ணி வாளி தூக்குனது காரணமா.

அந்தத் தோட்டத்தில் அந்த வருஷம் பிள்ளை இழந்தவள் ஒருத்திதான். சண்முகவடிவு மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு பின்வரிசைகள் பார்த்தன. பாயில் இருந்த பெண்கள் முழங்கால் போட்டு எட்டிப் பார்த்தார்கள். கிருஷாந்தி துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் அந்தப் பெண் தான்தான் என்று ஆகிவிடும், உட்கார்ந்தாலும் தான்தான். நிரஞ்சன் அடுத்த படத்துக்குப் போனான். கடவுச்சொல்லில் இலக்கமும் எழுத்தும் கலந்து இருக்க வேண்டும் என்று அது சொன்னது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"அத ஏங்க போட்டீங்க?"

"எத?"

"பால் வந்தத."

"பேரு சொல்லலியே." அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நாலு பேரு திருந்துவாங்கன்னா நல்லதுதானே. ஒனக்கு எல்லாம் ஒன்னையப் பத்தித்தான்னு நெனைக்கிற பழக்கம்."

அவள் நெஞ்சில் பால் கட்டிப்போய்க் கதறி அழுத நாட்களில், கதவுக்கு வெளியே அவன் நிம்மதியாக லேப்டொப்பில் வேலை செய்துகொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அப்போது அவள் அவனுக்கும் துக்கம், காட்டத் தெரியவில்லை என்று எண்ணியிருந்தாள். அவள் போனை அவன் முன் வைத்த அன்றே, அவள் அதுவரை தேடியதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறான். படித்துவிட்டும் எழுந்து வந்து, வாளி தூக்கியதால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரமே மரக்கறி வாங்கப் போகிறேன் என்று தலவாக்கலைக்கு பஸ் ஏறினாள். சந்தைக்குப் போகாமல் மஃறூப் நானாவின் போன் கடைக்குப் போனாள். கடையின் உள்மூலையில் அவர் மகள் மின்ஹா பழுது பார்ப்பாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். முன்பு ஒருமுறை இந்தப் போனுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தவள். கிருஷாந்தி தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். மின்ஹா போனை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"அக்கா, இத யாரு செட் பண்ணின?"

"எங்க வீட்டுக்காரரு."

"இதுல ஒங்களுக்குப் பத்து வயசு."

கிருஷாந்திக்கு விளங்கவில்லை. மின்ஹா திரையைத் திருப்பிக் காட்டினாள். பிறந்த வருஷம் என்று இருந்த இடத்தில், கிருஷாந்தி பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த காலத்துக்குப் பிந்திய ஒரு வருஷம் இருந்தது. "இது சின்னப் புள்ளைகளுக்குப் போடுற கட்டுப்பாடு. பெரிய ஆளுக்குப் போட்டா ஒங்களுக்கே கழட்ட ஏலும். அதனால வயச மாத்திப் போட்டிரிக்கிறாரு. நீங்க எங்க போறீங்க, என்ன தேடுறீங்க, யாருக்கு எடுக்கிறீங்க, எல்லாம் அவருக்குப் போகும். இந்தக் கணக்கு ஒங்கட இல்ல அக்கா. அவருட புள்ளையோட கணக்கு."

பிள்ளையின் கணக்கு. கிருஷாந்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்ட முடியுமாம்மா?"

"போன முழுசா அழிச்சிட்டுப் புதுக் கணக்கு போடலாம். அதுக்கு முந்தி படங்களையெல்லாம் வேற எடத்துல எடுத்து வச்சிருவோம்."

படம் இருக்கும் செயலியைத் தொட்டாள் மின்ஹா. சாம்பல் திரை எழுந்தது. இன்றைய நேரம் முடிந்தது. காலையில் எழுந்ததும் கிருஷாந்தி தன் பிள்ளையைப் பார்த்துத் தீர்த்த நேரம் அது.

"பரவாயில்ல. வேற வழி இரிக்கான்னு பாப்பம்." மின்ஹா அமைப்புகளுக்குள் போனாள், ஒரு பக்கத்தைத் திறந்தாள், எதையோ அழுத்தினாள். அழுத்தியதும் அவள் கை அந்தரத்தில் நின்றது. திரை பூட்டிக்கொண்டது. அதில் ஒரு வரி இருந்தது. மின்ஹா அதை வாசித்துவிட்டு முகம் வெளிறிப்போய் நிமிர்ந்தாள்.

"அக்கா, மன்னிச்சிக்கோங்க. அவருக்கு மெசேஜ் போயிட்டு. கட்டுப்பாட்டக் கழட்டப் பாக்கிறீங்கன்னு."

"இப்பவா?"

"இப்ப. நீங்க வீட்டுக்குப் போய் அவருகிட்ட ஒண்டும் கோவமாப் பேசாதீங்க. நாளைக்கிக் காலைல நேரம் தொறந்ததும் மொதல்ல படத்தக் காப்பாத்துவம். ஓடி வாங்க."

பஸ் மேடேறிக்கொண்டிருந்தது. கிருஷாந்தி பூட்டிய போனை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வார்த்தை கோத்துக்கொண்டே வந்தாள். கடைக்காரப் பிள்ளை தெரியாமல் தொட்டுவிட்டது என்று சொல்லலாம். கண்ணாடி மாற்றப் போனேன் என்று சொல்லலாம்.

நிரஞ்சன் ஆபீசிலிருந்து முன்கூட்டியே வந்திருந்தான். தானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். லேப்டொப் மேசையில் திறந்திருந்தது.

"மரக்கறி எங்க?" என்றான்.

"வெல கூடிப்போச்சு. வாங்கல."

"சரி." ஒரு மிடறு குடித்தான். "பழைய பழக்கம் திரும்புற மாதிரி இருக்கு. அதுனால அந்தக் கணக்க அழிச்சிட்டேன். நாளைக்குப் புதுசா ஒண்ணு தெறப்போம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "அதுல புள்ள படம் இருந்துச்சுங்க."

"ஆமா. அதுலதான் எல்லாம் இருந்துச்சு."

"ஒங்க போன்ல இருக்கா?"

"நான் எடுத்து வைக்கல. முக்கியமான படத்த ரெண்டு எடத்துல வைக்கணும்னு எத்தன கிளாஸ்ல சொல்லிருக்கேன். நீயும் ஒக்காந்து கேட்டுருக்க." அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லும் அதே குரலில், கொஞ்சம் வருத்தத்தோடுகூடச் சொன்னான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நிரஞ்சன் எழுந்து யன்னலைச் சாத்தினான்.

"இந்தா, அழுவாத. அழிச்ச கணக்க கொஞ்ச நாளைக்குள்ள திரும்ப எடுக்கலாம். என்னால முடியும். நீ நடந்துக்கிறதப் பொறுத்து."

அவள் நடந்துகொண்டாள். அப்படி ஒரு நடத்தை அந்த வீடு கண்டதில்லை. அவன் எழும் முன்னே வெந்நீர், இறங்கும் முன்னே ரொட்டியும் சம்பலும், வரும் முன்னே விளக்கு. போனைத் தொடவே இல்லை. மின்ஹா கடைக்குப் போகவில்லை. சண்முகவடிவு வந்து, "இப்ப எப்பிடி இருக்குதும்மா மனசு?" என்று துருவியபோது, "அவரு செஞ்சதாலதான் நான் மனுஷியா ஆனேங்க" என்றாள். உள்ளே இருந்த நிரஞ்சனுக்குக் கேட்க வேண்டுமென்று குரலைக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள்.

அவன் அதையும் பயன்படுத்திக்கொண்டான். அடுத்த ஞாயிறு அக்கரப்பத்தனைப் பக்கம் வகுப்பு. "நீயே எழும்பி நாலு வார்த்தை சொல்லு. மத்தவங்களுக்குத் தைரியம் வரும்" என்றான்.

"சொன்னா படத்த எடுத்துத் தருவீங்களா?"

"பேரம் பேசுறியா?"

"இல்லங்க. கேட்டேன்."

"சொல்லு. பாப்போம்."

முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால் அவள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தான் போனுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னாள். சோறு கருகியதைச் சொன்னாள். கேஸைச் சொன்னாள். பிள்ளையைப் பற்றி அவள் சொல்வதாக இல்லை. நிரஞ்சன் பக்கத்திலிருந்து, "எதுனால அப்பிடி ஆனீங்கன்னும் சொல்லுங்க" என்று மரியாதையாக எடுத்துக் கொடுத்தான். அதையும் சொன்னாள். சனம் உச்சுக் கொட்டியது. ஒரு கிழவர் எழுந்து வந்து நிரஞ்சனுக்குக் கை கொடுத்தார்.

மோட்டார் சைக்கிளில் திரும்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்து, அவன் சப்பாத்தைக் கழற்றிய பிறகே கேட்டாள். "இப்ப எடுத்துத் தாங்க."

"எத? ஆ, அதுவா." அவன் லேப்டொப்பைத் திறந்தான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஏதோ தட்டினான், காத்திருந்தான், மறுபடி தட்டினான். வந்ததை வாசித்தான். கன்னத்தைச் சொறிந்தான்.

"முந்தாநாளோட தவணை முடிஞ்சிருக்கு."

"என்னது?"

"திரும்ப எடுக்கிற நாள் முடிஞ்சிருச்சு. இந்தக் கிளாஸ் வேலையில மறந்தே போச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறான் என்று நம்பத்தான் அவள் விரும்பினாள். பொய் என்றால் எங்கோ ஒரு மூலையில் படம் இருக்கும், காலில் விழுந்தாவது வாங்கிவிடலாம். ஆனால் அவன் உண்மையாகவே மறந்துபோயிருந்தான். கடையில் தீப்பெட்டி வாங்க மறந்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"சரி வுடு. அதப் பார்த்துப் பார்த்துத்தானே நீ இப்பிடி ஆன. ஒரு வகையில நல்லதுதான்" என்று சொல்லி லேப்டொப்பை மூடினான்.

மறுநாள் அவன் ஆபீசுக்கு இறங்கியதும், நான்கு துணியைப் பையில் போட்டுக்கொண்டு அவளும் இறங்கினாள். போனை மேசையில் வைத்துவிட்டாள். வழியில் தலவாக்கலையில் மின்ஹாவைப் பார்த்தாள். மின்ஹா அன்று முழுக்க அவளைக் கடையில் உட்கார வைத்துத் தன்னால் ஆன வழியையெல்லாம் தேடினாள். உதவிப் பக்கங்களுக்கு எழுதினாள், கொழும்பில் தெரிந்த ஒருவரிடம் கேட்டாள். வந்த பதில்கள் எல்லாம் ஒன்றுதான். மின்ஹா அதைச் சொல்ல முடியாமல் திருகாணிகளை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் தொடாம இரிந்திருக்கணும் அக்கா."

"நீ இல்லாட்டி எனக்குப் பத்து வயசுன்னே தெரிஞ்சிருக்காது" என்றாள் கிருஷாந்தி.

நல்லதண்ணியில் அவள் அண்ணன் செல்லசாமி யாத்திரையாக மலைக்கு ஏறுகிறவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் விற்கும் கடை வைத்திருந்தான். சீசன் முடிகிற சமயம். அவன் அவளை வா என்றுதான் சொன்னான். ஒரு வாரம் போனதும் கேட்கத் தொடங்கினான்.

"மாப்பிள்ள அடிச்சாரா?"

"இல்லண்ணே."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற பொம்பளையா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் என்னதான் செஞ்சாரு?"

அவள் சொல்லிப் பார்த்தாள். கணக்கு, அனுமதி, தவணை என்று சொல்லச் சொல்ல, சொல்கிற அவளுக்கே அது ஒன்றுமில்லாதது போலத் தோன்றியது. அடித்திருந்தால் காட்ட ஒரு தழும்பு இருக்கும். செல்லசாமி கடைசிவரை கேட்டுவிட்டு, "போன் படத்துக்கா குடும்பத்த வுட்டுட்டு வந்த?" என்றான். அன்று முதல் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். அண்ணி தனுஷிகா மட்டும், அவன் பார்க்காத நேரத்தில், அவள் தட்டில் ஒரு துண்டு கருவாடு கூட வைப்பாள்.

நிரஞ்சன் வகுப்புகளை நிறுத்தவில்லை என்று தெரிந்தவர்கள் வந்து சொன்னார்கள். இப்போதெல்லாம் பெயரைச் சொல்லியே சொல்கிறானாம். எவ்வளவோ முயன்றும் மனைவியை மீட்க முடியவில்லை, போன் ஒரு குடும்பத்தையே அழித்துவிட்டது என்று சொல்லும்போது அவன் தொண்டை அடைக்கிறதாம். பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்களாம்.

ஒரு நாள் அவனே கடைக்கு வந்தான். மழை விட்டிருந்தது, ஆட்கள் குறைவு. செல்லசாமி கதிரையைத் துடைத்துப் போட்டான், "மாப்பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி ஊத்து" என்று தங்கையை ஏவினான். அவள் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். நிரஞ்சன் பையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து மேசைமேல் நகர்த்தினான்.

"நல்ல போன். எல்லாம் செட் பண்ணி வச்சிருக்கேன். தோட்டத்துத் தொரயும் விசாரிச்சாரு, ஏன் மனைவியக் காணலன்னு. வா, போவோம்."

அவள் பெட்டியைத் தொடவில்லை. செல்லசாமி அடுப்பு முன்னால் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் அவள்.

"கேளு."

"நம்ம புள்ள எப்பிடி இருந்துச்சு?"

நிரஞ்சன் கோப்பையைக் கையில் பிடித்தபடி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். ஆஸ்பத்திரியை, வாசலை, கண்ணாடிப் பெட்டியை அவன் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குமே இப்போது அந்த மூக்கு பிடிபடாமல் போகத் தொடங்கியிருந்தது. மடக்கிய கை இருக்கிறது, கன்னம் இருக்கிறது. நெற்றியும் மூக்கும் சேருகிற இடத்தில் வேறு குழந்தைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. போனில் தள்ளித் தள்ளிப் பார்த்த யார் யாருடைய குழந்தைகளோ. ஆஸ்பத்திரிக்காரர்களை விட்டால், உலகத்தில் அந்த முகத்தைப் பார்த்த இன்னொரு ஆள் இவன் ஒருவன்தான். அதனால் அவள் காத்திருந்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், ஒரு மச்சத்தைச் சொன்னால் போதும், அந்த நிமிஷத்தில் அவனோடு எழுந்து போயிருப்பாள்.

"பொறந்த புள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கும்" என்றான் அவன்.

கிருஷாந்தி மேசையைத் துடைத்தாள். மலையிலிருந்து இறங்கி வந்த சிங்களக் குடும்பம் ஒன்று வாசலில் நின்று பிளேன்டீ கேட்டது. "எண்ட, எண்ட, வாடிவென்ன" என்று அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டு, அவள் கேத்தலில் தண்ணீர் நிரப்பப் போனாள்.